உதவிப் பக்கத்தை எங்கே வெட்டுவது?

- மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை



கணிப்பொறி விசைப்பலகையின் மேல் வரிசையில் எஃப்1 என்று ஒரு விசை இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கைதவறித்தான் அழுத்தியிருப்போம். ஏதோ ஒரு ஜன்னல் திறக்கும், உடனே மூடிவிடுவோம். அந்த ஜன்னலுக்குள் இருப்பதுதான் ஆன்லைன் ஹெல்ப். அதாவது, வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரையில் படித்துக்கொள்ளக்கூடிய உதவிக் குறிப்புகள்.

அந்தக் குறிப்புகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எழுதத் தொடங்கும் முன் அவர் சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். சொல்ல வேண்டியதை எத்தனை பக்கங்களாகப் பிரிப்பது? எங்கே வெட்டுவது? ஒரு இடத்தில் எழுதியதை இன்னொரு இடத்திலும் பயன்படுத்த வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"இதென்ன பெரிய விஷயமா? மலருக்கு எழுத வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இது பெரிய விஷயம்தான். என் அப்பா தையல்காரர், அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அண்ணனோ அக்காவோ படித்திருக்கிற வீட்டில், சந்தேகம் வந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். அப்படிக் கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு எஃப்1 விசைதான் அண்ணன். அந்த அண்ணன் வாயைத் திறந்து, "முந்தைய அத்தியாயத்தில் கூறியபடி அமைத்த பின்" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? எந்த அத்தியாயம், எங்கே இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் லேப் பீரியட் முடிந்து பெல் அடித்துவிடும். ஆகவே, ஒரு உதவிப் பக்கத்தை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் வேலை முடிவதும் முடியாமல் போவதும்.

பேருந்தில் எழுதிய குறள்

நம் அரசுப் பேருந்துகளில் ஒரு திருக்குறளை எழுதி வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். குறள்கள் மொத்தம் 1330, அதிகாரங்கள் 133. அந்த 1330-இல் ஒன்றே ஒன்றை எடுத்துப் பேருந்தில் எழுதுகிறார்கள். "இதுக்கு முன்னாடி இருக்கிற குறளைப் படிச்சாத்தான் இது புரியும்" என்று எந்தப் பயணியும் சொல்வதில்லை. அதே குறளைப் பள்ளிச் சுவரில் எழுதலாம், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம், மேடையில் சொல்லலாம். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது முழுசாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் நடுவிலிருந்து இரண்டு வரியை உருவி அப்படி எழுத முடியுமா? யார் பேசுகிறார்கள், எதற்காகப் பேசுகிறார்கள் என்று கதையும் கூடவே வர வேண்டும்.

ஆன்லைன் ஹெல்ப்பில் "டாபிக்" என்று ஒரு சொல் புழங்குகிறது. தன்னளவில் முழுமையாக நிற்கிற ஒரு சிறு பக்கம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். உதவி எழுதுபவர் காப்பியம் எழுதக் கூடாது, குறள் எழுத வேண்டும் என்று சொன்னால் அது மிகையாகாது. ஏனென்றால் உதவிப் பக்கத்தை யாரும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருவதில்லை. தேடுகிறோம், எங்கோ நடுவில் போய் விழுகிறோம். விழுந்த இடத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

கொஞ்சம் வரலாறு

இந்தச் சிந்தனை நேற்று வந்ததல்ல. 1971 நவம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனிக் குறிப்பு. பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புடையவை என்று எல்லாக் குறிப்புகளுக்கும் ஒரே வரிசை. இன்றும் லினக்ஸில் "மேன்" என்று தட்டினால் வருவது அந்தப் பரம்பரைதான். 1960-களிலேயே ராபர்ட் ஹார்ன் என்பவர், தகவலை அதன் வகை பார்த்துச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும் முறையை உருவாக்கத் தொடங்கியிருந்தார்.

1980-களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் என்பவர், புதிதாகக் கணிப்பொறி கற்பவர்களை அருகிலிருந்து கவனித்தார். கையேட்டை வரிசையாகப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. எல்லோரும் நேரே தங்கள் வேலையைச் செய்து பார்க்கவே துடித்தார்கள். ஆகவே அவர் குழு தடித்த புத்தகத்துக்குப் பதிலாகத் தனித்தனி அட்டைகளைத் தயாரித்தது. ஒரு அட்டைக்கு ஒரு வேலை. எந்த அட்டையை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம். கற்பவர் குணம் இதுதான் என்றால் எழுத்துதானே மாற வேண்டும்! இந்த அனுபவங்களை அவர் 1990-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அதே 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் உதவிக்கென்றே ஒரு செயலி இருந்தது. அதற்கு எழுதும் முறை வேடிக்கையானது. சாதாரண வேர்டு கோப்பில் எழுதிக்கொண்டே போய், ஒரு டாபிக் முடியும் இடத்தில் பக்க முறிவு போட வேண்டும். முறிவு விழுந்த இடமே வெட்டு. எங்கே வெட்டுவது என்ற கேள்வியை எழுதுபவர் விரல் நுனியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்!

பிறகு ஐபிஎம் நிறுவனம் டிட்டா என்ற முறையை உருவாக்கியது. 2005-இல் அது ஓயாசிஸ் அமைப்பின் பொதுத் தரமாயிற்று. டிட்டாவின் முதல் எழுத்து டார்வினைக் குறிக்கிறது. பரிணாமக் கொள்கை சொன்ன அதே டார்வின்தான்! ஒரு பொதுவான டாபிக் வகையிலிருந்து, அதன் குணங்களைப் பெற்றுக்கொண்டு புதிய வகைகள் பிறக்கலாம் என்பதால் இந்தப் பெயர்.

மூன்று வகைக் கேள்விகள்

டிட்டாவின் அடிப்படை எளிமையானது. படிப்பவர் மனத்தில் எழும் கேள்விகளைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

ஒன்று, "அப்படின்னா என்ன?" இதற்குப் பதில் சொல்வது கருத்து விளக்கம்.

இரண்டு, "எப்படிச் செய்யறது?" இதற்குப் பதில் சொல்வது செய்முறை. 1, 2, 3 என்று படிகளாக வரும்.

மூன்று, "எது எது இருக்கு? எது எவ்வளவு?" இதற்குப் பதில் சொல்வது விவரப் பட்டியல். படித்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; வேண்டும்போது பார்த்துக்கொண்டால் போதும். நம் மெக்கானிக்கல் நண்பர்கள் பரீட்சைக்கு எடுத்துப் போகும் டிசைன் டேட்டா புத்தகம் இந்த வகை.

2015-இல் வந்த டிட்டா 1.3 பதிப்பில் "ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?" என்ற கேள்விக்கும் ஒரு தனி வகையைச் சேர்த்தார்கள். நம் லேபில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான்!

இந்த வகைகளை ஒரே பக்கத்தில் கலந்தடித்தால் என்ன ஆகும்? செய்முறை தேடி வந்தவர் மூன்று பத்தி விளக்கத்தைத் தாண்டினால்தான் முதல் படியைப் பார்ப்பார். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் ஒரு பெரிய அட்டவணை குறுக்கே நிற்கும். ஆகவே கேள்வியின் வகை மாறும் இடத்தில் வெட்ட வேண்டும் என்பது முதல் விதி.

வெட்டு சரியா? நான்கு சோதனைகள்

வெட்டிய பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு சோதனைகளைச் சொல்கிறேன்.

1. தலைப்புச் சோதனை: அந்தப் பக்கத்துக்கு ஒரு தலைப்பு வையுங்கள். படிப்பவர் தேடும்போது தட்டக்கூடிய வார்த்தைகளாக அது இருக்க வேண்டும். தலைப்பில் "மற்றும்" வந்தே தீரும் என்றால், உள்ளே இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

2. நடுவில் விழும் சோதனை: வேறு எதையும் படிக்காத ஒருவரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் கொடுங்கள். "மேலே சொன்னது போல", "அடுத்து நாம் பார்க்கப் போவது" போன்ற சொற்கள் இருந்தால் பக்கம் தோற்றது. முன்கூட்டியே தேவைப்படுவது ஏதாவது இருந்தால், அது எது என்று பெயர் சொல்லி, அங்கே போக ஒரு இணைப்பும் கொடுக்க வேண்டும்.

3. வேலை முடியும் சோதனை: பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும், அல்லது ஒரு சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். பாதிக் கிணறு தாண்டிய நிலையில் விட்டால், வெட்டு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

4. திரைச் சோதனை: திரையில் ஒரு பெட்டியில் ஆறு டேப் இருக்கிறது என்பதற்காக ஆறு பக்கம் எழுதினீர்களா? அது மென்பொருள் எழுதியவரின் பிரிவு. படிப்பவரின் வேலை இரண்டு டேப்களைத் தொட்டுக்கொண்டு போகலாம். வேலையைப் பார்த்து வெட்ட வேண்டும், திரையைப் பார்த்து அல்ல.

நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்

இதை ஒரு உதாரணத்தில் பார்த்தால் நன்றாக விளங்கும். இறுதியாண்டில் எல்லோரையும் பாடாய்ப் படுத்துவது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் பக்க எண். முகப்பு, சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம் ஆகியவற்றுக்கு ரோமன் எண். முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதைச் செய்வது எப்படி என்று ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினால் ஜூனியர்கள் மிரண்டுவிடுவார்கள். இதை வெட்டிப் பார்ப்போம்.

முதல் டாபிக்: "பேஜ் ஸ்டைல் என்றால் என்ன?" ரைட்டரில் ஓரம், அடிக்குறிப்புப் பகுதி, எண் வடிவம் எல்லாம் பேஜ் ஸ்டைலைச் சேர்ந்தவை. ஒரே ஸ்டைல் உள்ள பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ரோமன் எண் ஒரு பகுதிக்கும் சாதாரண எண் இன்னொரு பகுதிக்கும் வேண்டுமானால் இரண்டு ஸ்டைல் தேவை. இது கருத்து விளக்கம்.

இரண்டாவது: "பக்கத்தின் அடியில் எண் போடுவது எப்படி?" இது செய்முறை.

மூன்றாவது: "முன் பக்கங்களுக்கு ரோமன் எண் கொடுப்பது எப்படி?" இதுவும் செய்முறை.

நான்காவது: "எண்ணை மறுபடி 1-லிருந்து தொடங்குவது எப்படி?" அத்தியாயத்தின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, இன்செர்ட் மெனு வழியாகக் கையால் ஒரு பக்க முறிவு போட்டு, அடுத்து வரும் பேஜ் ஸ்டைலையும் தொடங்கும் எண்ணையும் அங்கேயே குறிப்பது.

ஐந்தாவது: "என்னென்ன எண் வடிவங்கள் உள்ளன?" இது விவரப் பட்டியல்.

இப்போது பாருங்கள். முதல் செமஸ்டர் தம்பிக்கு லேப் அசைன்மென்டுக்கு இரண்டாவது டாபிக் மட்டும் போதும். செமினார் ரிப்போர்ட் எழுதும் தங்கைக்கு இரண்டும், பைண்டிங்குக்கு இடது ஓரம் அதிகமாக விடும் டாபிக்கும் போதும். இறுதியாண்டு மாணவருக்கு ஐந்தும் வேண்டும். மூன்று பேருக்கும் தனித்தனிக் கையேடு எழுத வேண்டியதில்லை. டாபிக்குகள் அதேதான், யாருக்கு எது, எந்த வரிசையில் என்று காட்டும் பட்டியல் மட்டும் மாறும். டிட்டாவில் இந்தப் பட்டியலை "மேப்" என்பார்கள். ஒன்றை எழுதிப் பல இடத்தில் பயன்படுத்துவதன் முதல் வடிவம் இது.

இன்னொரு வடிவமும் இருக்கிறது. ரைட்டர் ஒற்றைப்படை எண் பக்கத்தை வலது பக்கமாகவே வைத்துக்கொள்ளும். ரோமன் மூன்றாம் பக்கத்துக்கு அடுத்து 1-ஐத் தொடங்கினால், வலது பக்கத்தை அடுத்து மறுபடி வலது பக்கம் வருகிறது. அதனால் நடுவில் ஒரு வெற்றுத் தாளைத் தானாகவே சேர்த்துவிடும். பிரிண்ட் எடுத்தவர் "இந்தக் காலித் தாள் எங்கேருந்து வந்துச்சு?" என்று திகைப்பார். இந்த எச்சரிக்கை நான்காவது டாபிக்கிலும் வேண்டும், "ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுப்பது எப்படி?" என்ற டாபிக்கிலும் வேண்டும். ஆனால் அது தனியாக நிற்கும் அளவுக்குப் பெரியதல்ல. ஆகவே அது டாபிக் அல்ல, "துண்டு". ஒரே இடத்தில் எழுதி வைத்து, இரண்டு டாபிக்கும் அதை இழுத்துக்கொள்ளும்படி செய்யலாம்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டாபிக் என்பது படிப்பவர் வந்து சேரும் இடம். துண்டு என்பது எழுதுபவரின் பெட்டியில் இருக்கும் சாமான். பல இடத்தில் தேவைப்படுகிறது என்பதற்காக எல்லாத் துண்டுகளையும் தனிப் பக்கமாக்கிவிடக் கூடாது.

லிப்ரே ஆபீஸ் செய்திருப்பது

லிப்ரே ஆபீஸ், 2010 செப்டம்பரில் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள். அதன் உதவிப் பக்கங்களின் மூலக் கோப்புகளையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நான் திறந்து பார்த்தபோது ஆச்சரியப்பட்டேன்.

ரைட்டருக்கு ஒரு அடைவு, கால்க்குக்கு ஒரு அடைவு என்று பிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றை "ஷேர்டு" என்ற அடைவில் வைத்திருக்கிறார்கள். கோப்பை வேறு பெயரில் சேமிப்பது, தேடி மாற்றுவது போன்றவை எல்லாச் செயலிகளுக்கும் பொதுதானே! "எப்படிச் செய்வது" வகைப் பக்கங்களுக்கு "கைடு" என்று தனி அடைவு.

அதைவிட அருமை, ஒரு கட்டளை எந்த மெனுவில் இருக்கிறது என்று சொல்லும் வரிகளை மட்டும் தனிக் கோப்புகளில் சேர்த்து வைத்திருப்பதுதான். ஒவ்வொரு உதவிப் பக்கமும் தனக்கு வேண்டிய வரியை அங்கிருந்து இழுத்துக்கொள்கிறது. மெனு இடம் மாறினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்; அதை இழுக்கும் பக்கமெல்லாம் திருந்திவிடும். மென்பொருளின் பெயரைக்கூட நேராக எழுதாமல் ஒரு மாறியாக வைத்திருக்கிறார்கள். ஒரே மூலத்திலிருந்து ஸ்டார் ஆபீஸ், ஓபன் ஆபீஸ் என்று இரண்டு பெயர்களில் மென்பொருள் வெளிவந்த காலம் உண்டு. பிறகு மூன்றாவதாக ஒரு பெயரும் வந்ததை நினைத்தால் அதன் அருமை புரியும். மேக் கணிப்பொறியில் கமாண்ட் விசை, மற்றவற்றில் கன்ட்ரோல் விசை என்று இடத்துக்கேற்ப மாறும் சொற்களுக்கும் பக்கத்துக்குள்ளேயே வழி செய்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பவருக்கும் இது பெரிய உதவி. ஒரே வாக்கியம் ஐம்பது பக்கங்களில் ஐம்பது விதமாக எழுதப்பட்டிருந்தால் ஐம்பது முறை மொழிபெயர்க்க வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு முறை போதும். நம் தாய்மொழியில் உதவிப் பக்கங்கள் பெருக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழில் எழுத முன்வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது.

அளவுக்கு மிஞ்சினால்

வெட்டுவது நல்லது என்றதும் கண்டபடி வெட்டிவிடக் கூடாது. என் அப்பா பள்ளிச் சீருடை தைக்கும் சீசனில், காலருக்கு மட்டும் அளவு வாரியாக அட்டை வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருப்பார். எத்தனை சட்டை வந்தாலும் அந்த அட்டைகள்தான். ஆனால் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் அட்டை கிடையாது. "காஜாவுக்கும் அட்டை வெட்டிக்கிட்டு இருந்தா சட்டையை எப்பத் தைக்கிறது?" என்பார். துண்டுக்கும் அதே கணக்குதான். அரை வாக்கியம், ஒற்றைச் சொல் என்று எல்லாவற்றையும் தனித் துண்டாக்கினால், எழுதுபவருக்கே எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும். படிப்பவரும் ஒரு வேலைக்குப் பத்துப் பக்கம் தாவ வேண்டியிருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பொதுத் துண்டில் ஒருவர் ரைட்டரை மட்டும் மனத்தில் வைத்து ஒரு வரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி கால்க் பக்கத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே அது பொய்யாகிவிடும். ஆகவே பொதுத் துண்டைத் தொடும் முன், அது எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றில் விழுவது அந்தத் தெருவுக்கே போய்ச் சேரும் அல்லவா!

நாம் என்ன செய்யலாம்?

சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர் என்று ஒரு வேலை உண்டு. டிப்ளமோ படித்த நமக்கு, பொருளும் தெரிந்து புரியும்படி எழுதவும் தெரிந்தால் அது ஒரு நல்ல பாதை. அது இருக்கட்டும். அதற்கு முன்பே இங்கேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் சீனியர்கள் ஜூனியர்களுக்கு நோட்ஸ் கொடுக்கிறோம். அது ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாகிப் பாதி எழுத்து மறைந்துவிடுகிறது. லேபில் மென்பொருள் பதிப்பு மாறினால் மொத்த நோட்ஸும் வீண். இந்த ஆண்டு நம் மாணவர் பேரவை சார்பில், துறைக்கு இரண்டு பேர் சேர்ந்து, லேபில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை முதலில் ஒரு பட்டியலாக எழுதுவோம். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேலே அந்தக் கேள்வியையே தலைப்பாக வைப்போம், ஜூனியர் கேட்கும் அதே வார்த்தைகளில். இரண்டு துறைக்கும் பொதுவானதை ஒரே முறை எழுதுவோம். பதிப்பு மாறினால் மாறிய பக்கத்தை மட்டும் மாற்றுவோம். முடிந்தவரை தமிழில் எழுதுவோம். மெனுவின் பெயர்கள் மட்டும் திரையில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

அடுத்த ஜூனில் வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வரும் ஒரு தம்பியோ தங்கையோ, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் லேபில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கையில் கொடுக்க ஒரு பக்கம் நம்மிடம் தயாராக இருக்க வேண்டும். எழுத விரும்புகிறவர்கள் மூன்றாம் ஆண்டு கணிப்பொறி வகுப்பில் வந்து பெயர் கொடுங்கள். முதல் டாபிக் பக்க எண்தான்; அதை நான் எழுதுகிறேன்.